வலதை இடதால் வகுத்தேன்

அக்கா,

பீரோவைத் திறந்ததும் கஞ்சி வாசனை.

மூன்று நாள் மழையில் துணி எதுவும் காயவில்லை. உடுத்த வேறு ஏதாவது இருக்கிறதா என்று கையை உள்ளே விட்டபோது அந்தப் புடவை தட்டுப்பட்டது. வெளிறிய சாம்பல் நிறம், ஒடிசலான அரக்குக் கரை. நீங்கள் எடுத்துக் கொடுத்தது. ஒரே ஒருமுறை உடுத்தினேன். இன்னும் தண்ணீரில் நனைக்கவில்லை. ஓராண்டாக அதே மடிப்பில் இருக்கிறது. உதறினால் அட்டை போலச் சத்தம் போடுகிறது.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை வைத்து ஒருமுறை உருட்டினேன். நீங்கள் செய்வது அது. எந்தத் துணியானாலும் கண்ணால் பார்ப்பதற்கு முன் அப்படி உருட்டிவிடுவீர்கள்.

அப்படியே நின்றேன். மின்சாரம் இல்லை. மழை.

உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். கேட்க நீங்கள் இல்லை என்பதால் அது எளிதாகிவிடவில்லை.

*

போன ஆண்டு மார்ச் மாதம் நீங்கள் சிதம்பரத்துக்கு வந்தீர்கள். நான் பிசியோதெரபி மேற்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, கதிர்வீச்சும் கொடுத்த பெண்களுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு ஏறும் தசை மெல்ல இறுகிவிடும். கை மேலே போகாது. பயிற்சியால் அந்த இறுக்கம் தளர்கிறதா என்பது என் ஆய்வு. முன்பெல்லாம் கையால் அழுத்திப் பார்த்து எழுதுவார்கள். எங்களுக்கு ஒரு ஸ்கேன் மெஷின் இரவலாகக் கிடைத்திருந்தது. வயிற்றுக் குழந்தையைப் பார்க்கும் அதே வகை ஸ்கேன்தான். ஆனால் இதில் தசையின் இறுக்கம் நிறமாக வரும். மெத்தென்று இருந்தால் நீலம். இறுக இறுகப் பச்சை, மஞ்சள், கடைசியில் சிவப்பு. ஓரத்தில் ஓர் எண்.

ஸ்கேன் டாக்டர் இரண்டு வாரம் கூட நின்று கற்றுக்கொடுத்தார். திரையில் ஒரு சிறு சதுரம் வரும். அதைத் தசைக்குள் நிறுத்தி எண்ணைப் படிக்க வேண்டும். "சதுரத்துக்கு வெளிய என்ன இருந்தாலும் உனக்கு வேலை இல்ல" என்றார். நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

திரைச்சீலைக்குப் பின்னால் நீங்கள் படுத்திருந்தீர்கள். வலது பக்கம் தட்டையாக, கதிர் பட்ட தோல் கருத்து, பளபளப்பாக. நான் ஜெல் வைத்ததும் உடம்பு துள்ளியது.

"அடிப்பாவி, ஐஸ வெக்கிறியா?"

"ஜெல்லுக்கா. ஒரு நிமிஷம்."

"என்னாத்துக்கு இது?"

"உள்ள சதை எவ்ளோ இறுகியிருக்குன்னு பாக்க."

"அத நானே சொல்லுவனே. கஞ்சி போட்ட காட்டன். அதுவும் தண்ணி தெளிக்காம இஸ்திரி போட்டது. எழுதிக்கோ."

சிரித்தேன். எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

*

நீங்கள் வேலை பார்த்த துணிக்கடை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அங்கே இருபத்திரண்டு வருஷம் நீங்கள் மாடியில், புடவைப் பிரிவில். கூரை வரைக்கும் ரேக். வாடிக்கையாளர் கண் எங்கே போகிறது என்று பார்த்து, அவர் கேட்பதற்கு முன்பே அதை உருவி எடுத்து, ஒரே வீச்சில் முன்னால் விரிக்கிற கை உங்களுடையது. அறுவைக்குப் பிறகு அந்தக் கை தோள் மட்டத்துக்கு மேல் எழவில்லை. கீழே ஜாக்கெட் பிட் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். எல்லாமே இடுப்பு உயரத்தில்.

"கீழ எறக்கிட்டானுங்க. காலம்பூரா கத்தரிக்கோலும் மீட்டரும். எதையும் விரிக்கிற வேலை இல்ல. அது ஒரு பொழப்பா?"

புற்றுநோய் என்று சொன்ன அன்று நீங்கள் அழவில்லையாம். கீழே போகச் சொன்ன அன்று அழுதீர்களாம். அதை நீங்களே சொன்னீர்கள். சிரித்துக்கொண்டே.

"தீபாவளிக்குள்ள மேல போவணும். ஆவுமா? ஆவாதா? அத மட்டும் சொல்லு, டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லக்கா."

"அப்ப எதுக்கு வெள்ளக் கோட்டு? கழட்டிட்டுச் சொல்லு."

ஆகும் என்றேன். கோட்டைக் கழற்றாமலேயே.

*

இனி எண்களைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தாண்ட முடியாது.

ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி. ஒருவருக்கு இறுக்கம் என்பது இன்னொருவருக்கு இயல்பு. அதனால் சிகிச்சை பெற்ற பக்கத்தை அவரவரின் மறுபக்கத்தோடு ஒப்பிடுவது எங்கள் முறை. "அவுங்க நல்ல பக்கம்தான் அவுங்களுக்கு அளவுகோல்" என்றார் எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர். வலது எண்ணை இடது எண்ணால் வகுக்க வேண்டும். விடை ஒன்று என்றால் இரண்டு பக்கமும் சமம். ஒன்றை நோக்கி இறங்க இறங்கப் பயிற்சி பலிக்கிறது என்று பொருள்.

மார்ச்சில் உங்கள் விடை மூன்றுக்கு மேல்.

படிவத்தில் மாதத்துக்கு ஒரே ஒரு கட்டம். விடைக்கு. வலதும் இடதும் என் கிறுக்கல் நோட்டில் மட்டும் இருந்தன. அங்கேயே வகுத்து, விடையை மட்டும் படிவத்துக்கு மாற்றுவேன். நோட்டை அதன்பின் யாரும் திறப்பதில்லை. நான் உட்பட.

*

மாதத்தில் ஒரு செவ்வாய் வருவீர்கள். என் வீடும் கடலூரில்தான். திரும்பும்போது ஒரே பஸ். ஜன்னல் ஓரம் உங்களுக்கு, பேச்சும் உங்களுக்கு. எதிர் சீட்டுப் பெண்களின் புடவைகளை விலை போடுவீர்கள். "அந்த மஞ்சா, பட்டுன்னு நெனச்சிக்கினு போவுது பாரு. பாவம், சொல்லாத." கடலூரை நெருங்கும்போது தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம் அழுகிய முட்டை வாசனை வரும். எல்லோரும் ஜன்னலை இழுத்து மூடுவார்கள். நீங்கள் வலது கையால்தான் மூடப் பார்ப்பீர்கள். பாதி வழியில் கை நின்றுவிடும். நான் உதவ வந்தால் முறைப்பீர்கள். பல்லைக் கடித்து, இன்னும் ஒரு விரற்கடை.

கடையின் சரக்கு அறையில் ஒரு ரேக்கின் பக்கவாட்டில் பயிற்சி. சுவரில் விரல்களால் ஏறுவது போல அந்தக் கட்டையில் ஏறி, எட்டிய இடத்தில் தையல்காரர் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. பக்கத்தில் தேதி. கோடுகள் ஏறின. அது உண்மை. அதை நான் பிறகு போய்ப் பார்த்தேன்.

என் விடையும் இறங்கியது. மூன்று. இரண்டே முக்கால். இரண்டரை.

*

ஆகஸ்ட் செவ்வாய். ஆடித் தள்ளுபடி முடிந்து, கால் வீங்கி வந்திருந்தீர்கள். வலது பக்கம் முடித்து, இடது பக்கத்தில் ஜெல் வைத்தேன்.

"ஏ, இந்தப் பக்கமும் லேசா கஞ்சி ஏறுது."

"எங்கக்கா?"

"இங்க. அக்குளுக்கு முன்னால. மெல்லிசு வாயில் துணி மாதிரி இருந்துச்சி. இப்ப பாப்ளின் மாதிரி தடிச்சி இருக்கு."

திரையைப் பார்த்தேன். மார்ச்சில் இடது பக்கம் முழு நீலம். இப்போது ஓரத்தில் பச்சை. பார்த்தேன், அக்கா. பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"நல்ல கையப் போட்டு ஜாஸ்தி வேலை வாங்குறீங்க. அதான்."

"வேற யார வேலை வாங்கச் சொல்ற? மேனேஜரையா?"

இருவரும் சிரித்தோம். எண்ணை எழுதினேன். வகுத்தேன். விடை இரண்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. ஒரே மாதத்தில் அவ்வளவு இறக்கம் யாருக்கும் வந்ததில்லை. பேராசிரியரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "இவுங்க ஒருத்தரே போதும்மா உனக்கு" என்றார்.

அன்றைய பஸ்ஸில் நீங்கள் தூங்கிவிட்டீர்கள். இடது கை மடியில், உள்ளங்கை மேல் நோக்கி. பஸ் குலுங்கியபோது அந்தக் கையை மட்டும் உடம்போடு அணைத்துக்கொண்டீர்கள். தூக்கத்திலேயே.

*

செப்டம்பரில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போயிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை. போகவில்லை.

"தீபாவளி சரக்கு எறங்குற நேரம். அதுவும் இல்லாம நீதான் மாசா மாசம் ஸ்கேன் எடுக்குறியே. அது போதாதா?"

"இது வேறக்கா. அது வேற. போய்ட்டு வந்துடுங்க."

"போவலாம், போவலாம்."

ஒரே ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. மாதா மாதம் பார்க்கிற ஒருத்தி இருக்கிறாள் என்று நீங்கள் நம்பியது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

நம் இருவருக்கும் நடுவில் இருந்த தவறு இதுதான். உங்களை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்கள் இருந்தீர்கள். நான் ஒரு சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

"அந்தக் கோடு போட்ட பேப்பர் ஒண்ணு குடு. மேனேஜர் கிட்ட காட்டணும்."

மார்ச்சிலிருந்து இறங்கிவரும் கோடு. அச்சு எடுத்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். டிபன் பையில் மடங்காமல் வைத்துக்கொண்டு போனீர்கள். அடுத்த மாதச் செவ்வாய், பஸ்ஸில் அந்தக் காட்சியை நடித்துக் காட்டினீர்கள்.

"பேப்பர இப்டியும் அப்டியும் திருப்பிப் பாக்குறாரு. 'கோடு எறங்குதே, நீ கை ஏறுதுன்னு சொல்ற?'ன்னாரு. எறங்கினாதான் சார் ஏறுதுன்னு அர்த்தம்னேன். 'எந்த ஊரு கணக்கு இது?'ன்னாரு. சிதம்பரம் கணக்குன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. கையத் தூக்கிக் காட்டுனேன். காதுக்கு மேல போச்சி. கண்ணுல தண்ணி வந்துடுச்சி எனக்கு. வலி. அவுரு சந்தோஷம்னு நெனச்சிக்கினாரு."

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு நீங்கள் மாடிக்குப் போனீர்கள்.

*

நவம்பரில் நான் புடவை எடுக்க வந்தேன். டிசம்பரில் ஒரு கருத்தரங்கு. என் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். என்னைக் கண்டதும் பக்கத்துப் பெண்ணிடம், "நவுரு, என் டாக்டர் வந்திருக்கு" என்றீர்கள். முகம் முழுக்கப் பவுடர். கழுத்தில் மீட்டர் டேப் இல்லை. வேறு ஆளாக இருந்தீர்கள்.

முதலில் ஒரு பழுப்பு. அதன் பக்கத்தில் ஒரு பச்சை. பச்சை என்னை இழுத்தது. அதைக் கையில் எடுத்துவிட்டேன். நீங்கள் குனிந்து, மேனேஜருக்குக் கேட்காத குரலில் சொன்னீர்கள்.

"பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாக்காத. அந்தப் பழுப்பு மட்டம். அதனால பச்ச தானா நல்லாத் தெரியும். நாங்க விக்கிறதே அப்டிதான். புடிச்சிருந்தா வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கினு போயி தனியாப் பாரு."

எடுத்துக்கொண்டு போனேன். வெயிலில் பச்சை சாயம் போன மாதிரி இருந்தது. திரும்பி வந்ததும் சிரித்தீர்கள். பிறகு திரும்பி நின்று, வலது கையை மேலே விட்டீர்கள். ஸ்டூல் போடவில்லை. மேல் தட்டு. குதிகால் எழுந்தது. ரவிக்கையின் முதுகு இழுபட்டது. ஒரு நொடி எல்லாமே நின்றது போல இருந்தது. பிறகு இந்தச் சாம்பல் புடவை உங்கள் கையோடு இறங்கி, என் முன்னால் ஒரே வீச்சில் விரிந்தது.

அந்த வீச்சை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

விரிக்கும்போது இடது கை உதவிக்கு வரவில்லை. கவனித்தேன். கவனித்ததைப் புடவையோடு மடித்து வைத்துவிட்டேன்.

கருத்தரங்கில் அதை உடுத்திக்கொண்டு பேசினேன். முதல் படமே உங்கள் கோடு. கை தட்டினார்கள். மேடையில் நின்றபோது கஞ்சி முழங்காலுக்குப் பின்னால் உரசிக்கொண்டே இருந்தது.

*

டிசம்பர் கடைசியில் புயல்.

விடியும்போது எங்கள் தெருவில் மரம் என்று ஒன்றும் நிற்கவில்லை. கம்பங்கள் படுத்திருந்தன. கம்பிகளைத் தாண்டித் தாண்டி நடந்தோம். பலா மரங்கள் வேரோடு, முந்திரி மரங்கள் வேரோடு. காயமில்லாத ஒரு தென்னைகூட இல்லை. மின்சாரம் வர வாரங்கள் ஆகும் என்றார்கள். ஜனவரி ஸ்கேன் கிடையாது என்று கல்லூரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கடலூர் முதுநகரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். சமையல்கட்டின் தகரம் பறந்துபோயிருந்தது. உங்கள் தம்பி மேலே உட்கார்ந்து ஏதோ ஒரு திறப்பு விழாவின் ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பேனரில் இருந்தவர் தலைகீழாகக் கும்பிட்டபடி சிரித்தார்.

"என்னா டாக்டரம்மா, மெஷினத் தூக்கிக்கினு வந்துட்டியா?"

"கரண்ட் இல்லாம மெஷின் ஏதுக்கா. உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

"வந்தது வந்துட்ட. கையால பாரு. கை இருக்குல்ல?"

உள்ளறை. நடுப்பகல். கதவைப் பாதி சாத்தினீர்கள். ஓட்டின் உடைந்த இடத்தில் வெளிச்சம் ஒரு பட்டையாக விழுந்து உங்கள் தோளில் கிடந்தது. ஜெல் இல்லை. திரை இல்லை. சதுரம் இல்லை.

வலது பக்கத்தில் கை வைத்தேன். இறுக்கம். மார்ச்சில் எப்படி இருந்ததோ அப்படியே. என் விடை பாதியாகிவிட்டது என்று கோடு சொன்னது. என் கைக்கு அது தெரியவில்லை. மறுபடி அழுத்தினேன். தண்ணீர் தெளிக்காமல் இஸ்திரி போட்ட காட்டன்.

பிறகு இடது பக்கம். அக்குளுக்கு முன்னால், நீங்கள் ஆகஸ்டில் காட்டிய இடம்.

மடித்துத் தைத்த துணிக்குள் ஒரு பொத்தான் மாட்டிக்கொண்டது போல. அது நகரவில்லை. சுற்றியிருந்த தசையும் அதோடு சேர்ந்து நகர மறுத்தது.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நான் ஆடி முடிஞ்சப்பவே சொன்னேன்ல. கஞ்சி ஏறுதுன்னு."

மேலே உங்கள் தம்பி சுத்தியலால் அடித்தார். ஒன்று. இன்னொன்று.

"பாண்டிக்குப் போய்க் காட்டிடலாம்கா."

"நீயும் வா."

வந்தேன். முடிவு வர இரண்டு வாரம். இடது பக்கம், அதன் அடியில் தசை, பிறகு நுரையீரல். டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். நீங்கள் அவருடைய மேசை விரிப்பின் ஓரத்தை விரலில் உருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

*

அன்று வீட்டுக்கு வந்து கிறுக்கல் நோட்டைத் திறந்தேன்.

இரண்டு வரிசைகள். வலது எண் மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை ஏறக்குறைய அதே எண். இடது எண் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கூட.

மேலே இருந்தது நகரவில்லை. கீழே இருந்தது ஏறியது. விடை இறங்கியது.

அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஒன்பது மாதம் என் கையெழுத்தில், என் நோட்டில், இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பழுப்பும் பச்சையும். நான் வாசலுக்கு எடுத்துப் போகவில்லை.

பேராசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மூடினார். "ரெண்டு பக்கமும் நோய்னா ஆய்வுக்குள்ள வரமாட்டாங்கம்மா. இந்த கேஸ எடுத்துடு." அவர் கெட்டவர் அல்ல. விதி அப்படித்தான் இருக்கிறது. எடுத்துவிட்டேன். உங்கள் கோட்டைத் தேர்ந்து, அழிக்கும் பொத்தானை அழுத்த ஒரு நொடிகூட ஆகவில்லை. என் ஆய்வேட்டில் நீங்கள் இல்லை. மற்ற எல்லோருக்கும் இரண்டு எண்களையும் தனித்தனியாக எழுதினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

*

ஏப்ரலில் நீங்கள் வீட்டில் படுத்திருந்தீர்கள். ஜன்னலை ஒட்டிக் கட்டில். பேசினால் மூச்சு வாங்கியது. பேசுவதை நிறுத்தவில்லை. உங்களுக்குப் பதிலாக மாடிக்கு யாரை ஏற்றியிருக்கிறார்கள், அவள் புடவையை எப்படி விரிக்கிறாள், பாய் விரிக்கிற மாதிரி விரிக்கிறாளாம். திடீரென்று நின்றீர்கள்.

"ஒண்ணு கேக்குறேன். மெஷின்ல அப்பவே தெரிஞ்சிதா?"

பயிற்சிக்காக உங்கள் வலது கையை என் கையில் தாங்கிக்கொண்டிருந்தேன். அதன் எடை நினைவிருக்கிறது.

"இல்லக்கா. அது சதைய மட்டுந்தான் காட்டும்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு கண்ணை இறக்கி, என் துப்பட்டாவின் ஓரத்தை விரலில் எடுத்து உருட்டினீர்கள்.

"காட்டன்னு சொல்லிக் குடுத்தானா?"

"ஆமாக்கா."

"கலப்படம்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். துப்பட்டாவை விட்டுவிட்டீர்கள். கையை என் கையிலிருந்து எடுக்கவில்லை.

தெரிந்தது, அக்கா. மெஷினுக்குத் தெரிந்தது. ஆகஸ்டிலேயே. உங்கள் விரலுக்கும் தெரிந்தது. நடுவில் நான் இருந்தேன்.

ஆகஸ்டில் சொல்லியிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களா? தெரியாது. டாக்டரைக் கேட்டேன். அவரும் தெரியாது என்றார். இருந்திருக்கலாம். மாடிக்குப் போகாமல் இருந்திருப்பீர்கள். அந்த ஒரு வீச்சு இருந்திருக்காது. இதை வைத்து என்னைத் தேற்றிக்கொள்ள ஒரு நாள் முயன்றேன். அது ஆறுதலாக இல்லை. அதைவிடக் கேவலமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

ஜூலையில் அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் கடைக்குப் போனேன். சரக்கு அறையைத் திறந்துவிட்டார்கள். ரேக்கின் பக்கவாட்டில் சாக்குக் கோடுகள். கடைசிக் கோடு என் தலைக்கு மேல். பக்கத்தில் தேதி, தீபாவளிக்கு முந்தின வாரம். அதற்கு மேல் வெறும் கட்டை.

*

இப்போது நான் சிதம்பரத்தில் வேலை பார்க்கிறேன். அதே துறை. இரவல் மெஷின் திரும்பிப் போய், இன்னொன்று வந்திருக்கிறது. நிறங்கள் இன்னும் தெளிவு.

வருகிறவர்களிடம், எந்தத் துணி மாதிரி இருக்கிறது என்று கேட்கிறேன். முதலில் விழிக்கிறார்கள். பிறகு சொல்கிறார்கள். துணியே வேண்டும் என்றில்லை. பரங்கிப்பேட்டைக்காரம்மா ஒருவர் கருவாடு என்றார். படிவத்தின் ஓரத்தில், இடமில்லாத இடத்தில், எழுதி வைக்கிறேன். நல்ல பக்கம் என்ற சொல்லை விட்டுவிட்டேன். வலது, இடது. அவ்வளவுதான்.

மெஷினைப் போடுவதற்கு முன் கையால் பார்க்கிறேன். இரண்டு பக்கமும். நோய் வராத பக்கத்தை முதலில்.

இன்று காலை சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெண் வந்தார். உங்கள் வயதுதான் இருக்கும். ஆறு மாதமாக வருகிறார். விடை நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. எண்கள் தனித்தனியாகவும் சரியாகவே இருந்தன. இதைத்தான் சொல்ல வந்தேன். எண்கள் சரியாகவே இருந்தன.

அறுவை இல்லாத பக்கத்தில் கை வைத்தேன். மெஷின் தயாராகிற சத்தம். என் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. உருட்டினேன்.

"என்னாம்மா?" என்றார்.

இன்னொருமுறை உருட்டினேன்.

வாய் வரைக்கும் வந்தது, 'ஒண்ணும் இல்லக்கா' என்று. எவ்வளவு எளிதாக வருகிறது அது.

"இங்க என்னமோ இருக்குக்கா. என்னன்னு எனக்குத் தெரியல. இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும். நானும் வரேன்."

அவர் முகத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தா வழியாகப் போனேன். மழை வெளிச்சம். மெஷின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் அணைக்கவில்லை.